விரியன் நஞ்சும் நிறைமானியும்

கொங்கு நாட்டிலே மஞ்சளும் சோளமும் நிலக்கடலையும் விளையும் தோட்டங்களில் எலிகள் மிகுதி. எலி உள்ள இடத்தை நாடிக் கண்ணாடி விரியனும் வந்து சேரும். இரவில் மின்சாரம் வரும் வேளை பார்த்து மடை திருப்பச் செல்லும் உழவரும், விடியற்காலையில் சோளத்தட்டு அறுக்கச் செல்லும் பெண்டிரும் அதனை மிதித்துக் கடியுண்பது இந்நாட்டார் அறிந்த செய்தியே. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் மாண்டனர் என்று 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அஃதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 உயிர். அவருள் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தார். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பநாட்டு நோய்களின் வரிசையிற் சேர்த்தது. இச்சாவினை 2030-க்குள் பாதியாகக் குறைத்தல் வேண்டுமென்று இந்திய அரசும் 2024 மார்ச்சு மாதத்தில் ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது.

இத்துணைச் சாவுக்கும் காரணமாவது சில துளி நீர்மம். அதனுள் யாவை உள்ளன என்று பிரித்தறியவல்ல கருவி இன்று உண்டு. ஆயினும் அக்கருவி தன்முன் வந்த எல்லாவற்றையும் ஊன்றி நோக்குவதில்லை. சிலவற்றைத் தேர்ந்தெடுத்தே நோக்குகின்றது. எதைத் தேர்வது, எதை விடுவது என்னும் அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று கேட்பார் சிலர் இருக்கலாம். சிதைந்த ஏடுகளை வைத்துக்கொண்டு மூலத்தைக் காண்பது எங்கள் துறையின் தொழில். இக்கருவி செய்வதும் பெரும்பாலும் அதுவே என்பது மேலே விளங்கும்.

முதற்கண் மருந்தைப் பற்றிச் சிறிது கூறுவேன். நம் நாட்டில் வழங்கும் மாற்றுநஞ்சு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சையும் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் குருதியில் எழும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுவது. அம்மருந்தின் 1 மில்லிலிட்டர், நல்லபாம்பின் நஞ்சில் 0.6 மில்லிகிராமையும், கண்ணாடி விரியன் நஞ்சில் 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நஞ்சுகளில் 0.45 மில்லிகிராமையும் அடக்குதல் வேண்டும் என்பது விதி. இதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நெடுங்காலமாக அளித்து வந்துள்ளது. பாம்பைப் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுவது அவர்தம் முறை. வனாந்தரத்தில் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தை நோக்கியவர் பிழைத்தனர் என்று வேதத்திற் படிக்கின்றோம். நம் நாட்டில் கடியுண்டவர் பிழைப்பது இவ்விருளர் கைத்திறத்தால் என்று சொன்னால் மிகையாகாது.

இனி, இடர் எங்கே? அசாம் மாநிலத்துத் தேஜ்பூர் பல்கலைக்கழகத்தில் அசிஸ் முகர்ஜி என்பவரின் குழுவினர் 2018-இல் தென்னிந்தியக் கண்ணாடி விரியனின் நஞ்சை ஆராய்ந்தனர். அந்நஞ்சில் மிகுதியாக உள்ள புரத வகை பாஸ்போலிபேஸ் ஏ2 என்பது. அது நரம்பையும் தாக்கவல்லது. கடையில் விற்கும் மாற்றுநஞ்சு மிகக் குறைவாக இனங்கண்டு மிகக் குறைவாக அடக்கியதும் அவ்வகையைத்தான்! பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் இல்லாத கதை இது. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தைச் சார்ந்த கார்த்திக் சுனகரின் குழுவும், கண்ணாடி விரியனின் நஞ்சு இடத்துக்கு இடம் வேறுபடுவதையும், அதனால் ஒரே மருந்து எங்கும் ஒருபடித்தாய்ப் பயன்படாமையையும் 2021-இல் எடுத்துக்காட்டியது. இத்தகைய முடிவுகளுக்கு அடிப்படை நஞ்சின் புரதப் பட்டியல். அப்பட்டியல் குறைபட்டதாயின், அதன்மேற் கட்டும் மருந்தும் குறைபடும். ஆகவே பட்டியல் எங்ஙனம் எழுதப்படுகின்றது என்று காணவேண்டும்.

அதனை எழுதும் கருவியைப் பொருண்மை நிறமாலைமானி என்றும், நிறை நிறமாலைமானி என்றும் கூறுவர். இங்கே சுருக்கமாக நிறைமானி என்பேன். ‘நிறை’ என்பது பழைய நூல்களில் மனத்தைக் காத்து ஒழுகும் குணத்திற்கும் பெயராதலின் முதலில் எனக்கு இப்பெயர் வேடிக்கையாகவே தோன்றிற்று. கருவி நிறையை நேரே அளப்பதும் இல்லை. மின்னேற்றம் பெற்ற துகளின் நிறையை அதன் மின்னேற்றத்தால் வகுத்த ஈவையே அளக்கின்றது. ஜே. ஜே. தாம்சன் இம்முறையால் நியான் வாயுவில் நிறை 20 உடையதும் 22 உடையதும் கலந்திருத்தலை 1913-இல் வெளியிட்டார். அவர் மாணவர் ஆஸ்டன் 1919-இல் கருவியைத் திருத்தியமைத்து, 1922-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் புரதம் போன்ற பெரிய மூலக்கூற்றைச் சிதையாமல் ஆவியாக்கி மின்னேற்றுதல் நெடுநாள் இயலாதிருந்தது. அவ்வருமையை வென்றவர் அமெரிக்காவின் ஜான் ஃபென்னும் ஜப்பானின் கொய்ச்சி தனாக்காவும் ஆவர். 2002-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் இருவரும் பங்குற்றனர்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. முழுப் புரதத்தையும் கருவியுள் இட்டு ஆராய்தல் கடினம். ஆகையால் அதனை முதலில் டிரிப்சின் என்னும் செரிமான நொதியால் வெட்டுவர். டிரிப்சின் கண்ட இடத்தில் வெட்டாது. லைசின், ஆர்ஜினின் என்னும் இரண்டு அமினோ அமிலங்களை அடுத்தே வெட்டும். அங்ஙனம் கிடைக்கும் சிறு துண்டங்களுக்குப் பெப்டைடு என்று பெயர். நம் குருதியிலுள்ள ஆல்புமின் 585 அமினோ அமிலங்கள் உடையது. அஃது ஒன்றே ஏறத்தாழ 80 துண்டமாகும். பல புரதம் கலந்த ஒரு துளியை வெட்டினால் எத்தனை ஆயிரம் துண்டம் தோன்றும் என்று எண்ணிக்கொள்க. அத்துண்டங்களை நுண்குழாய் வழியே மெல்ல ஒழுகவிட்டுப் பிரித்து, முனையிலே மின்விசையால் நுண்துளியாகச் சிதறச் செய்து, நிறைமானியுள் செலுத்துவர். கருவி இருமுறை அளக்கும். முதல் அளவில், அக்கணத்தில் வந்து நிற்கும் துண்டங்கள் எல்லாவற்றின் நிறையையும் ஒருங்கே காணும். பின்னர் அவற்றுள் ஒன்றைத் தனியே பிடித்து, நைட்ரஜன் போன்ற வாயுவோடு மோதவிட்டு உடைத்து, உடைந்த சில்லுகளின் நிறையைக் காணும். சில்லுகளின் நிறைவேறுபாட்டிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் அத்துண்டத்தின் அமினோ அமில வரிசையை அறியலாம்.

இங்கே ஓலைச்சுவடியை நினைத்துக்கொண்டால் முழுதும் தெளிவாகும். செல்லரித்த சுவடிக் கட்டொன்றில் பல நூல்களின் நறுக்குகள் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நறுக்கில் ‘உலகம்’ என்ற சொல் மட்டும் இருந்தால் அஃது எந்நூலின் பகுதி என்று யார் கூறுவார்? நூறு நூல்களில் அச்சொல் வரும். மற்றொரு நறுக்கில் ‘சீவகன்’ என்று இருந்தால், சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றார் அதனை உடனே எடுத்து வைத்துக்கொள்வர். பெப்டைடுகளிலும் இவ்விரு வகையும் உண்டு. பல புரதங்களுக்குப் பொதுவான துண்டம் பயன் குறைந்தது. ஒரே புரதத்துக்கு உரிய துண்டமே அடையாளத் துண்டம். பாம்பு நஞ்சில் இவ்வேறுபாடு மிக முக்கியம். என்னையெனின், நஞ்சுப் புரதங்கள் குடும்பம் குடும்பமாய் நெருங்கிய உறவுடையன. பாஸ்போலிபேஸ் ஏ2 ஒன்றிலேயே பல உடன்பிறப்புகள் உண்டு. அண்ணன் தம்பியரிடையே முகவேறுபாடு எத்துணைச் சிறிதோ அத்துணைச் சிறிதே அவற்றின் வரிசை வேறுபாடும். ஆயினும் ஒன்று கொடியது, மற்றொன்று அத்துணைக் கொடியதன்று.

இனித் தேர்வுக்கு வருவோம். பொள்ளாச்சிச் சந்தையின் வாயிலில் சுங்கக் கணக்கர் ஒருவர் நிற்கின்றார் என்க. வண்டிகள் நெருக்கியடித்து வருகின்றன. அவரால் ஒரு நொடியில் பத்து வண்டிகளையே நிறுத்திச் சோதிக்க முடியும். அவர் என்ன செய்வார்? பாரம் மிகுந்த பத்தை நிறுத்துவார். ஏனையவை கடந்து போகும். நிறைமானியின் வழக்கமான தேர்வுமுறை இதுவேதான். முதல் அளவில் ஒளி மிகுந்து தோன்றும் பத்து அல்லது இருபது துண்டங்களை மட்டும் வரிசையாகப் பிடித்து உடைக்கும். ஓரிரு நொடியில் அச்சுற்று முடிந்ததும் மறுபடியும் முதலளவு. இதில் உடனே ஓர் இடர் தோன்றும். பாரவண்டி வாயிலைக் கடக்க அரை நிமிடம் ஆகுமானால், அதே வண்டியைக் கணக்கர் பத்துமுறை சோதித்துக்கொண்டிருப்பார் அன்றோ? அதனால், ஒருமுறை சோதித்ததை அரை நிமிடம் அளவு தீண்டாது விடுக என்று கருவிக்குக் கட்டளையிடுவர். இஃது எளிய திருத்தம். ஆனால் பெரும்பயன் விளைத்தது.

அப்படியும் குறை தீரவில்லை. ஜெர்மனியில் மத்தியாஸ் மான் என்பவரின் ஆய்வகத்தார் 2011-இல் ஒரு கணக்கெடுத்தனர். ஒரே ஓட்டத்தில் கருவியின் முதலளவில் தோன்றிய துண்டங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை இரண்டாம் அளவுக்குத் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை. கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாதவை அவை. அன்றியும், அதே கலவையை மறுநாள் ஓட்டினால், விளிம்பில் நின்ற சிறு துண்டங்களுள் நேற்றுப் பிடிபட்ட சில இன்று பிடிபடா. இன்று பிடிபட்ட சில நேற்று இல்லை. ஈரோட்டு விரியனின் நஞ்சையும் செங்கற்பட்டு விரியனின் நஞ்சையும் ஒப்பிட விரும்புவோன் இதனால் மயங்குவான். ஒரு புரதம் ஒன்றில் உண்டு, மற்றொன்றில் இல்லை என்று பட்டியல் கூறினால், பாம்பில் இல்லையா, கணக்கரின் கண்ணில் படவில்லையா என்று எவ்வாறு அறிவது?

பாரம் மிகுந்ததே முக்கியமானது என்னும் விதியிலேயே ஒரு பிழை உறைகின்றது என்பது என் கருத்து. சந்தைக்கு அது பொருந்தும், உடம்புக்குப் பொருந்தாது. நம் குருதி நீரில் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை ஆல்புமின் உள்ளது. நோயைப் பற்றிச் செய்தி சொல்லும் சில நுண்புரதங்களோ அதனினும் ஆயிரங்கோடி மடங்கு குறைந்த அளவில் உள்ளன. மாரடைப்பை அறிவிக்கும் டிரோபோனின் இவ்வாறு மிக அரிதாய் நிற்பதே. நஞ்சிலும் கொடுமை எடையைப் பொறுத்ததன்று. எடையில் மிகுந்தது ஒன்றாகவும், மூச்சை நிறுத்துவது வேறொன்றாகவும் இருக்கலாம்.

இதற்கு ஆராய்ச்சியாளர் கண்ட வழிகள் பல. அவற்றுள் பழையது, கலவையை முன்னரே பல பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே ஓட்டுவது; ஒரு வாயிலுக்குப் பதில் இருபது வாயில் வைப்பது போன்றது. பெங்களூரிலுள்ள உயிர்த்தகவலியல் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அகிலேஷ் பாண்டே தலைமையில், மனித உடலின் 30 வகைத் திசுக்களையும் உயிரணுக்களையும் இவ்வாறு நுணுகி ஆராய்ந்து, 17,294 மரபணுக்களின் புரதங்களை இனங்கண்டதாக 2014-இல் வெளியிட்டன. இந்தியர்க்குப் பெருமை தரும் பணி அது. ஆயினும் அவ்வாண்டிலேயே ஒரு தடை எழுந்தது. மூக்கில் மணம் உணர்தற்குரிய புரதங்கள், அவை இருக்கத் தகாத உறுப்புகளிலும் பட்டியலில் ஏறியிருந்தன என்று வேறு ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். துண்டங்களை மிகுதியாகப் பிடிக்கப் பிடிக்க, தவறாகப் படிக்கப்பட்டவையும் மிகும் என்பதற்கு இது சான்று. ஏட்டைப் படிப்பவன் தெளிவில்லாத எழுத்தை ஊகித்துப் பாடம் கொள்வதும், பின்வந்தோர் அதனை மறுப்பதும் நம் பதிப்புலகிலும் நிகழ்வனவே.

இரண்டாம் வழி முற்றும் புதிய கொள்கையுடையது. தேர்வையே கைவிட்டால் என்ன? சூரிச் நகரில் ரூடி ஏபர்சோல்டு என்பவரின் குழுவினர் 2012-இல் அதனைச் செய்துகாட்டினர். நிறைமின் ஈவு 400 முதல் 1200 வரையுள்ள பரப்பை, ஒவ்வொன்றும் 25 அலகு அகலமுள்ள 32 பலகணிகளாக வகுத்தனர். ஒரு பலகணி திறந்திருக்கும் நொடியின் பத்திலொரு பங்கில் அதனுள் வரும் துண்டங்கள் அனைத்தும், பெரியவை சிறியவை என்னும் வேறுபாடின்றி, ஒருசேர உடைக்கப்படும். மூன்று நொடிக்குச் சிறிது மேற்பட்டு 32 பலகணிகளும் முடியும், மீண்டும் முதற்பலகணி. ஒன்றும் தப்பாது, நேற்றைய ஓட்டமும் இன்றைய ஓட்டமும் ஒத்துநிற்கும். விலை என்னவெனின், பல துண்டங்களின் சில்லுகள் ஒன்றாய்க் கலந்துவிடும். பத்து ஏட்டின் நறுக்குகளை ஒரே கூடையில் கொட்டியது போலாம். எச்சில்லு எதனுடையது என்று பிரிக்க, ஒவ்வொரு பெப்டைடும் உடைந்தால் எப்படித் தோன்றும் என்ற முன்குறிப்பு வேண்டும். அக்குறிப்பைச் சோதனையால் தொகுப்பது முன்னாள் வழக்கம். 2019-இல் மியூனிச் நகரத்தார் வெளியிட்ட ‘பிராசிட்’ போன்ற கணிப்பொறி முறைகள், உடையும் விதத்தைச் சோதிக்காமலே முன்கூட்டிக் கணித்துத் தருகின்றன.

மூன்றாம் வழி இதற்கு நேர்மாறானது. இன்ன புரதத்தையே தேடுகின்றேன் என்று முன்னரே துணிந்து, அதற்குரிய அடையாளத் துண்டங்கள் இரண்டு மூன்றைக் கருவிக்குச் சொல்லிவிட்டு, ஏனையவற்றைக் கண்ணெடுத்தும் பாராமலிருக்கச் செய்வது. மிக அரிய புரதத்தையும் இம்முறை அளக்கும். ஆனால் துண்டத்தைத் தெரிவு செய்வதில் மனிதன் பிழைத்தால் கருவி திருத்தாது. அதற்கென விதிகள் சில வகுத்துள்ளனர்: துண்டம் ஏழுக்குக் குறைந்ததாகவும் இருபத்தைந்துக்கு மிகுந்ததாகவும் இருத்தல் ஆகாது, எளிதில் ஆக்சிஜனோடு கூடும் மெத்தியோனின் அதில் இருத்தல் ஆகாது, கந்தகப் பிணைப்புண்டாக்கும் சிஸ்டீனும் கூடுமானவரை வேண்டா, வேறெந்தப் புரதத்திலும் அவ்வரிசை வாராதிருத்தல் வேண்டும்.

நல்லபாம்பின் நஞ்சுக்கு இவ்விதிகளைப் பொருத்திப் பார்த்தால் சிக்கல் புலப்படும். அதன் நரம்புநச்சுகள் மூவிரல் நச்சு என்னும் குடும்பத்தன. மடிந்து நிற்கும்போது மூன்று விரல் நீட்டியதுபோல் தோன்றுதலின் அப்பெயர். அவை 60 முதல் 74 வரை அமினோ அமிலமே உடைய சிறு சங்கிலிகள். நான்கு கந்தகப் பிணைப்பு அவற்றுக்குப் பொது. அஃதாவது எட்டுச் சிஸ்டீனாவது உண்டு. ஏழெட்டு எழுத்துக்கு ஒரு சிஸ்டீன் வருமிடத்தில் சிஸ்டீன் இல்லாத நல்ல துண்டத்தை எங்கே தேடுவது? லைசின் அடுத்தடுத்து வருமிடங்களில் டிரிப்சின் அவற்றைப் பொடிப்பொடியாகவும் நறுக்கிவிடும். மூன்றெழுத்துத் துண்டம் எந்நூலையும் காட்டாது. ஆதலின் பிணைப்பை முதலில் அறுத்து, மீண்டும் ஒட்டாதபடி சிஸ்டீனுக்கு மூடியிட்டு, டிரிப்சினோடு கைமோடிரிப்சின் முதலிய வேறு நொதிகளாலும் தனித்தனியே வெட்டுவர். வெட்டுமிடம் மாறினால் துண்டமும் மாறும். ஒன்றில் மறைந்தது மற்றொன்றில் வெளிப்படும். பொதுவிதியை நஞ்சாய்வாளன் அறிந்தே மீறவேண்டிய இடம் இது.

அடையாளத் துண்டத்தைத் தேர்வதற்கு மூலநூல் கையில் வேண்டும் என்பதும் வெளிப்படை. நெடுநாள் வரை நம் பாம்புகளுக்கு அம்மூலம் இல்லை. வேற்றுநாட்டுப் பாம்புகளின் வரிசையோடு ஒப்பிட்டே காலங்கழிந்தது. 2020-இல் சோமசேகர் சேஷகிரி முதலியோர் இந்திய நல்லபாம்பின் மரபணுத்தொகை முழுவதையும் வெளியிட்டனர். நஞ்சுப்பையில் செயற்படும் மரபணுக்கள் 12,346 என்றும், அவற்றுள் நச்சுக்குரியவை 33 குடும்பத்தைச் சார்ந்த 139 என்றும், நஞ்சுப்பைக்கே சிறப்பாக உரியவை 19 என்றும் கண்டனர். குதிரைக்கு முழு நஞ்சையும் ஏற்றுவதை விடுத்து, இப்பத்தொன்பதையும் ஆய்வகத்தில் உண்டாக்கி அவற்றுக்கு மட்டும் எதிர்ப்பொருள் செய்யலாம் என்பது அவர்தம் எண்ணம்.

இம்மூன்று வழிகளுள் எது சிறந்தது என்று வாதிடுவோர் உளர். என் சிற்றறிவுக்கு எட்டியவரை, நஞ்சாய்வில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டைக் கொள்ளுதலே தகும். ஓரிடத்துப் பாம்பை முதன்முதல் ஆராயும்போது பலகணி முறையே வேண்டும். ஏனெனில் எதைத் தேடுவது என்று அப்போது நமக்குத் தெரியாது. தெரிந்ததைத் தேடுபவன் தெரிந்ததையே காண்பான். பட்டியல் ஒருவாறு நிலைபெற்றபின், ஒவ்வொரு கொடுநச்சுக்கும் இரண்டு மூன்று அடையாளத் துண்டங்களைத் துணிந்து, மருந்துக்கென வாங்கும் ஒவ்வொரு தொகுதி நஞ்சிலும் அவற்றை மூன்றாம் முறையால் அளக்கலாம். குதிரைக்கு ஏற்றும் நஞ்சில் கொங்கு நாட்டு விரியனின் கூறு போதிய அளவு உண்டா என்பது அப்போது ஊகமாய் இராது, எண்ணாய் நிற்கும். பாரம் மிகுந்த பத்தைப் பிடிக்கும் பழைய முறையை ஒதுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. விரைவாக ஒரு முதற்பார்வை பெற அது இன்றும் உதவுகின்றது.

நாற்பாம்புகளுக்கே நிலைமை இதுவானால், அந்நான்கினுள் அடங்காதவற்றின் நிலைமை இன்னும் மோசம். நமக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரின் காப்பி, ரப்பர்த் தோட்டங்களில் மூக்குநுனி மேல்நோக்கி நிமிர்ந்த சிறு குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் கடியால் சிறுநீரகம் பழுதுற்றோரும் இறந்தோரும் கேரளத்திலும் இலங்கையிலும் உள்ளனர். குதிரைக்கு ஏற்றும் நான்கு நஞ்சுகளில் அதன் நஞ்சு சேர்வதில்லை. நம் மருத்துவமனைகளில் உள்ள மாற்றுநஞ்சு அதற்குப் பயன்படுவதுமில்லை.